சிவப்பு டெலிபோன் பூத்துக்கு மரத்தில்தான் பிறப்பு... தெரியுமா?

லண்டன் என்றாலே நம் சினிமாவில் முதலில் காட்டுவார்களே, அந்தச் சிவப்பு டெலிபோன் பூத், அதன் முதல் மாதிரி மரத்தில் செய்யப்பட்டது தெரியுமா? மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி! 1924இல் நடந்த வடிவமைப்புப் போட்டிக்காகக் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கிய மர பூத், இன்றும் லண்டன் ராயல் அகாடமி வாசலில் நிற்கிறது. பிறகு வார்ப்பிரும்பில் செய்து ஊர் ஊராக நட்டார்கள். அப்போதும் கதவு மட்டும் தேக்கு!

சிவப்பு, ஸ்காட் கேட்ட நிறமே இல்லை. வெளியே வெள்ளி நிறம், உள்ளே பச்சை கலந்த நீலம் என்றுதான் சொன்னார். தபால் துறை கேட்கவில்லை, சிவப்பைப் பூசிவிட்டது. மேலே குவிந்த கூரை எதைப் பார்த்து வந்ததாம்? ஒரு கல்லறையை! ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞரின் குடும்பக் கல்லறை அது. அந்த முதல் வகை பூத்தின் உச்சியில் உள்ள கிரீடத்தில் துளைகள் இருக்கும். அழகுக்கு என்று நினைத்தால், காற்று வந்துபோகவும் அதுதான் வழி! இன்னொன்று: மும்பையின் ராஜாபாய் மணிக்கூண்டை வடிவமைத்தவர் இந்த ஸ்காட்டின் தாத்தா.

கிராமங்களுக்கு வந்தது 'கே6' என்ற சின்ன பூத். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935இல் ஸ்காட் வடிவமைத்தது. ஏறக்குறைய 60,000 நட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அழகான மலைப்பக்கத்து ஊர்கள் சில, இந்தச் சிவப்பு எங்களுக்கு வேண்டாம் என்று சண்டை பிடித்தன. அங்கெல்லாம் சாம்பல் நிறம் பூச வேண்டியதாயிற்று!

அரை நூற்றாண்டு போனது. 1980களில் தொலைபேசி நிறுவனம் பூத்துகளைப் பெயர்க்கத் தொடங்கியதும் அதே நாட்டு மக்கள், தொடாதே என்று எழுந்து நின்றார்கள். ஆயிரக்கணக்கான பூத்துகள் மரபுச் சின்னப் பட்டியலில் ஏறின. 2008இல் வந்தது அருமையான ஒரு திட்டம்: ஒரே ஒரு பவுண்டு கொடுத்தால் பூத் ஊருக்கே சொந்தம்! நம் கணக்கில் நூறு ரூபாய் சொச்சம். அப்படிக் கைமாறியவை ஏழாயிரத்துக்கும் மேல். சாமர்செட்டில் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் என்ற கிராமம் 2009இல் தன் பூத்தை நூலகமாக்கியது. ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துப் போகலாம். வேறு ஊர்களில், திடீரென நின்றுபோகும் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி உள்ளே தொங்குகிறது. பேச வைத்த பெட்டி உயிரும் காக்கிறது!

எல்லா பூத்தும் ஊமையாகிவிடவும் இல்லை. செல்போன் சிக்னலே எட்டாத இடங்களில் உள்ள பூத்தை இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாதபடி ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2022இல் விதி போட்டுவிட்டது. சிக்னல் தேடி மேடேறும் கல்வராயன் மலைக்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்லவா வேண்டும்?

நம்மிடம் சிவப்பு பூத் இல்லாவிட்டால் என்ன? மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று மின்னிய கண்ணாடிக் கூண்டு நம்முடையதுதானே! எண்கள் ஓட ஓட நெஞ்சு படபடத்த அந்த மீட்டர், இரவு நேரக் குறைந்த கட்டணத்துக்காக நின்ற வரிசை, பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் காயின் போன்... இருபது வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள், இதில் எதையும் பார்த்திருக்காது. இங்கிலாந்து கிராமங்கள் காத்தது ராஜா காலத்து அரண்மனையை அல்ல, தெருவோரத்து இரும்புப் பெட்டியை. நம் கூண்டும் அதே மதிப்புள்ளதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ வெள்ளிமலையிலோ யார் வீட்டுப் பரணிலாவது அந்த மீட்டரும் பலகையும் கிடக்கிறதா? தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கோ ஊர் நூலகத்துக்கோ கொடுங்கள். எந்தக் கடையில், எந்த ஆண்டு வரை ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியே கொடுங்கள்!