கவர் பாட்டு போட்டா காப்பிரைட் வருமா? இண்டி பேண்டுகளும் ஒரு பழைய பாரதி வழக்கும்

நெய்வேலிக்குப் பக்கத்தில், பண்ருட்டியை ஒட்டி இருக்கிறது திருவதிகை. அங்கே ஒரு இளைஞர் லேப்டாப்பில் இரண்டு பாட்டுகளை எலக்ட்ரோ-பாப் ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, 7-ம் நூற்றாண்டில் சூலை நோய் தாங்காமல் அதே ஊர்க் கோயிலில் அப்பர் பாடிய முதல் பதிகம். இன்னொன்று, 1991-ல் வந்த ஒரு சினிமா பாட்டு. முதல் பாட்டுக்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இரண்டாவதை அப்லோடு செய்துவிட்டு டீ குடிக்கப் போய் வருவதற்குள் யூடியூபில் இருந்து மெயில் வந்திருக்கலாம்.

புது பேண்டுகளுக்கு கவர் பாட்டுதான் வாசல். பெயர் தெரியாத ஐந்து பேரின் சொந்தப் பாட்டை யாரும் தேடிப் போய்க் கேட்பதில்லை. தெரிந்த மெட்டு காதில் விழுந்தால், "அட, இது நம்ம பாட்டாச்சே" என்று விரல் நிற்கும். 2013-ல் கேரளத்தில் உருவான 'தைக்குடம் பிரிட்ஜ்' கப்பா டிவியின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சி வழியாக அப்படித்தான் தமிழ்நாட்டு மொபைல்களுக்குள் வந்தது. பழைய சினிமா பாட்டைக் கேட்க வந்தவர்கள் அவர்களுடைய சொந்தப் பாட்டையும் கேட்டுவிட்டுப் போனார்கள். லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழர் எம்.ஐ.ஏ. 2007-ல் தன் 'கலா' ஆல்பத்தில், 1982-ல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தின் பாட்டு ஒன்றை 'ஜிம்மி' என்ற பெயரில் கவர் செய்தார். அதே ஆல்பத்தின் முதல் பாட்டில் வருவது இளையராஜாவின் 'தளபதி' பாட்டிலிருந்து எடுத்த துண்டு.

இந்த இரண்டும் ஒன்றல்ல. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பாட்டு, பல சொந்தக்காரர்கள்

ஒரு பாட்டில் வரிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை, ஸ்டுடியோவில் பதிவான ஒலிக்குத் தனி உரிமை. கவர் என்றால் வரியையும் மெட்டையும் எடுத்துக்கொண்டு நீங்களே புதிதாகப் பாடி, வாசித்துப் பதிவு செய்வது. பழைய ஒலிப்பதிவைத் தொடுவதில்லை. சாம்பிள் என்றால் அந்த ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டுவது, எனவே எல்லோரிடமும் அனுமதி வேண்டும். 'ஒரிஜினல் ஆடியோவை நாங்க யூஸ் பண்ணவே இல்லையே' என்ற வாதம் பாதிக் கிணறுதான் தாண்டும். மெட்டுக்கும் வரிக்கும் உள்ள உரிமை அப்படியே இருக்கிறது.

இதற்குத் தமிழில் ஒரு பழைய கதை உண்டு. பாரதியார் 1921-ல் இறந்தார். அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறி ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-ல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் ஊரெல்லாம் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு வந்தபோது பிரச்சினை வெடித்தது. 'பாரதியை ஒருத்தர் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம்?' என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையைத் தன் கைக்கு எடுத்தது. செட்டியார் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பாரதி பொதுச் சொத்தானது அப்படித்தான்.

இன்றைக்கு எந்த பேண்டும் பாரதி வரிக்கு சிந்தஸைசரில் புது மெட்டுப் போடலாம், கேட்பார் இல்லை. ஆனால் நமக்கெல்லாம் மனப்பாடமான சினிமா மெட்டை எடுத்தால் கதை வேறு. அந்த மெட்டு பாரதியுடையது அல்ல. இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அதற்கு உரிமை உண்டு.

சட்டம் வழி விட்டிருக்கிறதா?

விட்டிருக்கிறது, ஆனால் நெருக்கடியான சந்து. காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த 31சி பிரிவு கவர் பதிப்புக்கானது. உரிமையாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ராயல்டியும் முன்பணமாகக் கட்டிவிட்டால் கவர் செய்யலாம். முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ராயல்டி ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு. கேசட், சிடி காலத்துக் கணக்கு இது. பெட்ரூமில் ரெக்கார்டு பண்ணும் மூன்று பேர் பேண்டுக்கு இந்தத் தொகை மலை.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒன்று உண்டு. தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்றக் கூடாது என்கிறது அதே பிரிவு. எலக்ட்ரோ-பாப் கவர் என்பதே மாற்றுவதுதானே! தாளத்தை உடைத்து, நடுவில் ராப் சேர்த்தால் இந்தப் பிரிவு குடை பிடிக்காது. நேரடியாக உரிமையாளரிடம் அனுமதி வாங்குவதே வழி.

நடைமுறையில் பெரும்பாலான பேண்டுகள் அனுமதி வாங்காமலே யூடியூபில் போடுகின்றன. கன்டென்ட் ஐடி மெட்டைக் கண்டுபிடித்தால் உரிமையாளருக்கு மூன்று வாய்ப்பு: வீடியோவைத் தடுக்கலாம், விட்டுவிட்டுக் கண்காணிக்கலாம், விளம்பர வருமானத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். இப்படி வரும் 'க்ளெய்ம்' பார்த்துப் பதற வேண்டாம், அதனால் சேனல் போகாது. உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொன்னால் வருவது 'ஸ்ட்ரைக்'. 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே காலி. ஐந்து வருட உழைப்பு, சொந்தப் பாட்டுகளும் சேர்ந்து போகும்.

மேடையிலும் இதே தலைவலி உண்டு. 2017-ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பில் இருந்து நோட்டீஸ் போனது. பாடியவருக்கே அந்த நிலை என்றால் காலேஜ் கல்ச்சுரல்ஸில் வாசிக்கும் பேண்டின் நிலை? அங்கே உரிமம் வாங்க வேண்டிய பொறுப்பு வழக்கமாக நிகழ்ச்சி நடத்துபவருடையது. ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்புகள் இருப்பது அதற்காகத்தான். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

சரி, திருவதிகை இளைஞரின் பதிகத்துக்கு வருவோம். வரி எல்லோருக்கும் பொது. கொல்லிப் பண்ணும் பொது. ஆனால் ஏதோ ஒரு நிறுவனம் வெளியிட்ட தேவார ஆல்பத்தில் இருந்து ஓதுவார் குரலை வெட்டி எடுத்தால், அந்த ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை இருக்கிறது. கோயிலுக்கே போய் மொபைலில் பதிவு செய்து பீட் போட்டாலும், பாடுபவருக்குத் தன் குரல் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. பாடி முடித்ததும் அவரிடமே போய், "ஐயா, இதை ஒரு பாட்டுல சேர்த்துக்கலாமா?" என்று கேட்டு, சரி என்றால் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.