இஞ்சினீயரும் கணக்கு யந்திரமும்

பாலமும் அணையும் கட்டும் இஞ்சினீயருக்குப் புரோகிராம் எழுதும் வித்தை எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். 1941-ல் பெர்லின் நகரில் இஸட்-3 என்னும் கம்ப்யூட்டரை அமைத்த கோன்ராட் ஸூஸ என்பார் சிவில் இஞ்சினீயரிங் கற்றவரே. ஒரேவிதக் கணக்குகளைக் கையால் போட்டுப் போட்டுச் சலித்ததே அவரை அம்முயற்சிக்கு ஏவியது. ஆகவே இவ்வித்தை இஞ்சினீயருக்கு அந்நியமன்று.

எனினும் யந்திரத்தைக் கண்மூடி நம்புதல் ஆபத்தாகும். நார்வே தேசத்து ஸ்லைப்னர் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்டு 23-ந் தேதி கடலில் மூழ்கி நொறுங்கிற்று. அதன் சுவர்களைத் தாக்கும் வெட்டு விசையைக் கம்ப்யூட்டர் கணக்கு 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. விபத்துக்குப் பின் கவனத்துடன் போட்ட கணக்கோ, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் பிளக்கும் என்றது. உண்மையில் பிளந்தது 65 மீட்டரில்! பிழை யந்திரத்தினுடையதன்று, அதற்குக் கணக்கை வகுத்துக் கொடுத்த முறையினுடையது.

பிறர் எழுதிய புரோகிராமில் எண்களை இட்டு விடையைப் பெறுவது மட்டும் போதாது. உள்ளே நடப்பதை அறிந்தவனே விடையைச் சந்தேகிக்க வல்லவன். நம் இளம் இஞ்சினீயர்கள் ஒரு சிறு உத்தரத்தின் கணக்கையேனும் தாமே புரோகிராமாக எழுதி, கைக்கணக்கோடு ஒத்துப்பார்க்கப் பழகுவாராக. அவர்கள் கட்டுவனவற்றை நம்பி ஜனங்கள் நடக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.