தண்ணீர் முதலில் வந்த ஊர்

பெங்களூரில் வீட்டுக் கொல்லையில் ஒரு சந்தனக் கன்று தானாக முளைத்துவிட்டால், முன்பெல்லாம் சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்தே வரும். மரம் நம் மண்ணில் நின்றாலும் சொந்தம் சர்க்காருக்கு. காய்ந்த கிளையை வெட்டுவதற்குக்கூட வனத்துறைக்கு அலைய வேண்டும். 2001-ல் கர்நாடகத்தில் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நிலத்துக்காரருக்கு மரத்தின் மேல் உரிமை வந்தது. இப்படியே பழகிப்போன கண்ணுக்கு, நம்மூர்ச் சந்தன மரம் தென்னந்தோப்புபோல வரிசை பிடித்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்! நான் பார்த்தேன். மைசூரில் அல்ல, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் உள்ள குனுனுரா என்ற சின்ன ஊரில்.

பெர்த் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அப்பா, நீங்கள் ஆயுள் முழுவதும் கால்வாயோடு மல்லுக்கு நின்றவர், அந்த ஊரை அவசியம் பார்க்க வேண்டும்" என்று மருமகன் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஒரே மாநிலம்தான் என்று நினைத்துக் கிளம்பிவிடக் கூடாது. பெர்த்திலிருந்து சாலை வழியாக 3,000 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரிலிருந்து டில்லிக்குப் போய், பாதி வழி திரும்பி வருகிற தூரம். வழியெல்லாம் செம்மண்ணும் புதரும் மாட்டுப் பண்ணைகளுமே. இந்த உள்நாட்டுப் பொட்டல் பிரதேசத்தைத்தான் அவர்கள் 'அவுட்பேக்' என்கிறார்கள். விமான ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தால், சிவப்பு நிலத்தின் நடுவே திடீரென்று கோடு கிழித்தாற்போல் பச்சை வயல்களும், அவற்றை ஒட்டி ஒரு பெரிய நீர்ப்பரப்பும் தெரிகின்றன. ஜனத்தொகை சுமார் 5,000. நம் ஜெயநகரில் நாலு தெருவில் அடங்கிவிடும்.

நம் ஊர்களெல்லாம் எப்படி உண்டாயின? ஆற்றங்கரையில் ஜனங்கள் குடியேறினார்கள், உழுதார்கள், தண்ணீர் போதாமல் தவித்தார்கள், பிறகு ஏரி வெட்டினார்கள், அணை கட்டினார்கள். 1934-ல் மேட்டூர் அணை எழும்பியபோது தஞ்சைத் தரணியில் உழவர்கள் ஏற்கனவே பல நூறு தலைமுறைகளாகக் காத்திருந்தார்கள். குனுனுராவில் எல்லாம் தலைகீழ். முதலில் 'தண்ணீர் இருக்கிறது' என்ற எண்ணம் வந்தது, அடுத்து அணை, அணைக்காக 1961-ல் வரைபடத்தில் கோடு போட்டு ஒரு ஊர், அதன் பிறகு உழவர்கள். என்ன பயிரிடுவது என்பது கடைசிக் கேள்வி. அதற்கு இன்றுவரை அவர்கள் விடை தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த ஆற்றுக்கு ஆர்டு என்று பெயர். 1879-ல் அலெக்சாண்டர் பாரஸ்ட் என்ற நில அளவையாளர் அந்தப் பக்கம் வந்து, அப்போதைய கவர்னரின் பெயரை ஆற்றுக்கு வைத்தார். சில ஆண்டுகளில் டூராக் குடும்பத்தார் குவீன்ஸ்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்து, ஆற்றோரத்தில் பண்ணைகள் அமைத்தார்கள். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறு கரை கொள்ளாமல் ஓடும். மற்ற மாதங்களில் ஆங்காங்கே மடுவாகத் தேங்கிக் கிடக்கும். 'இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் போய்க் கலக்கிறதே' என்று ஒரு குரல் எழுந்தது. வேலையில் இருந்த காலத்தில் நானே எத்தனை குறிப்புகளில் இதே வாக்கியத்தை எழுதியிருக்கிறேன்!

அந்தக் குடும்பத்திலேயே பிறந்த கிம்பர்லி டூராக் என்ற விவசாய விஞ்ஞானி 1940-களில் ஆற்றங்கரையில் பரிசோதனைச் சாகுபடி செய்து பார்த்தார். மண்ணோ, நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கு உடன்பிறப்பு. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது, மழையில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அரசியல்வாதிகளுக்கு வேறொரு காரணமும் இருந்தது. வடக்கு காலியாகக் கிடந்தால் ஆசியாவிலிருந்து யாராவது வந்து பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். ஆசியா என்றால் நாமும் சேர்த்திதான்!

1963-ல் திருப்பு அணை கட்டி முடிந்து, பிரதமர் மென்சீஸ் திறந்து வைத்தார். 20 மதகுகள். நெடுஞ்சாலையே அதன் மேல்தான் போகிறது. அதிலிருந்து கால்வாய் வழியே பம்பு இல்லாமல் தன் எடையாலேயே தண்ணீர் வயலுக்குப் போகிறது. வயல் வாய்க்காலிலிருந்து பாத்திக்கு மாற்றும் முறையை நான் நெடுநேரம் நின்று ரசித்தேன். வளைந்த குழாய் ஒன்றை வாய்க்காலில் முக்கி, கையால் வாயைப் பொத்தி, இரண்டு குலுக்குக் குலுக்கி, கரைக்கு அப்பால் போட்டுவிடுகிறார்கள். சைபன் தத்துவம். பள்ளிக்கூடத்தில் நாம் படித்து மறந்தது, அங்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக வேலை செய்கிறது.

முதல் பயிர் பருத்தி. கரிசல் மண்ணும் வெயிலும் இருந்தால் வேறென்ன தோன்றும்? ஆனால் பருத்தி வந்த இடத்துக்குக் காய்ப்புழுவும் வந்தது. டி.டி.ட்டி. தெளித்தார்கள். புழு பழகிக்கொண்டது. கூடுதலாகத் தெளித்தார்கள். கடைசியில் ஒரே பருவத்தில் முப்பது தடவைக்கு மேல் விமானத்தில் வந்து மருந்தடித்தும் புழு சாகவில்லை. செலவு விளைச்சலைத் தின்றது. இதற்கிடையே 1965-ல் புரூஸ் டேவிட்சன் என்ற பொருளாதார நிபுணர் 'வடக்கின் கட்டுக்கதை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமே எழுதினார். தண்ணீரும் நிலமும் மட்டும் இருந்தால் விவசாயம் ஆகிவிடாது. சந்தைக்குத் தூரம், ஆள் கூலி, உரச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இது சர்க்கார் மானியத்தில் நிற்கும் சாகுபடி என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கேட்டவர் யார்? 1967-ல் செனட் தேர்தலுக்குச் சற்று முன்பு பெரிய அணைக்கான பணம் அறிவிக்கப்பட்டது.

அந்தப் பெரிய அணையை 1972 ஜூன் 30 அன்று பிரதமர் மக்மேகன் திறந்தார். திருப்பு அணைக்கு மேலே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு மலைகளுக்கு நடுவே, பாறையும் களிமண்ணும் கொண்டு கட்டிய அணை. உயரம் ஏறக்குறைய 99 மீட்டர், நீளம் 335 மீட்டர்தான். இவ்வளவு குட்டையான அணை எவ்வளவு நீரைப் பிடிக்கிறது தெரியுமா? ஆர்கைல் ஏரி என்ற அந்தத் தேக்கத்தின் கொள்ளளவு, 1996-ல் கலிங்கை 6 மீட்டர் உயர்த்திய பிறகு, சுமார் 380 டி.எம்.சி. நம் கிருஷ்ணராஜ சாகரம் 49 டி.எம்.சி.; மேட்டூர் 93. அதாவது நான்கு மேட்டூர்! மேட்டூரை நம்பி இருப்பது சுமார் 16 லட்சம் ஏக்கர். இங்கே முதல் கட்டத்தில் பாசனம் பெற்றது வெறும் 14,000 ஹெக்டேர், அதாவது 35,000 ஏக்கர். இரண்டு மாநிலங்கள் ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் நீதிமன்றப் படியேறும் ஊரிலிருந்து போனவன் நான். அந்த ஏரிக்கரையில் நின்றபோது எனக்குப் பொறாமையா, கோபமா என்று சொல்லத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஏரி நிரம்பிக்கொண்டிருந்த அதே நாட்களில், 1974-ல், பருத்திச் சாகுபடி கைவிடப்பட்டது. தண்ணீர் வந்தது, பயிர் போய்விட்டது. பிறகு நெல் போட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. கரும்பு வந்தது. 1995-ல் சர்க்கரை ஆலை தொடங்கி 2007-ல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் பெரும்பகுதிக்கு வந்தவர்தான் நம் சந்தனம்.

சந்தன மரம் தன் வேரை அண்டை மரத்தின் வேரில் பதித்து உறிஞ்சி வாழும் பாதி ஒட்டுண்ணி. நம் காடுகளில் தானாகத் துணை தேடிக்கொள்ளும். அங்கே ஒவ்வொரு சந்தனத்துக்கும் பக்கத்தில் துணை மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். அவற்றில் ஒன்று நம் அகத்திக்கு நெருங்கிய உறவு. 1999 முதல் வணிக ரீதியில் நட்டார்கள். முதலீடு செய்தவர்களில் பலர் சிட்னி, மெல்போர்னில் இருந்த, மண்வெட்டியைத் தொடாத ஆசாமிகள். வரிச் சலுகை கிடைக்கும், பதினைந்து வருடம் கழித்து எண்ணெய் விற்றுப் பணம் வரும் என்ற கணக்கு. மரம் வளர்ந்தது, கணக்கு வளரவில்லை. மிகப் பெரிய தோட்டக் கம்பெனி 2018-ல் கடனில் மூழ்கி நிர்வாகிகள் கைக்குப் போனது. பாவம், மரத்தின் மேல் குற்றமில்லை.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்தியது வேறு. ஆர்கைல் ஏரிக்கரையில் ஒரு கல் வீடு இருக்கிறது. டூராக் குடும்பத்தின் பழைய பண்ணை வீடு. தண்ணீரில் மூழ்கப் போகிறது என்றதும் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் பெயர்த்தெடுத்து, மேட்டில் மறுபடி கட்டி, 1979-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதே பள்ளத்தாக்கு பல்லாயிரம் ஆண்டுகளாக மிரிவூங் என்ற ஆதிகுடிகளின் பூமி. அவர்கள் சடங்கு செய்த இடங்களும் முன்னோர் நினைவிடங்களும் அங்கேதான் இருந்தன. அவற்றுக்கு யாரும் எண் போடவில்லை. யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. மாட்டுப் பண்ணைகளில் மாவுக்கும் தேயிலைக்கும் உழைத்து வந்த அந்த மக்கள், 1968-ல் சம கூலி அமலானதும் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். புது ஊரின் ஓரத்தில் வந்து ஒதுங்கினார்கள். சர்தார் சரோவர் பற்றியும் துங்கபத்திரா பற்றியும் கேள்விப்பட்ட நமக்கு இது புதிய கதை அல்ல.

அவர்கள் நீதிமன்றம் போய், பல ஆண்டு வழக்காடி, 2003-ல் நில உரிமைத் தீர்ப்புப் பெற்றார்கள். பாசனத்தை மேலும் விரிவாக்க வேண்டுமானால் இனி அவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. 2005-ல் பணம், நிலம், வனப்பூங்காக்களின் கூட்டு நிர்வாகம் எல்லாம் அடங்கிய ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னர் இரண்டாம் கட்ட விரிவாக்கத்துக்கு இரு அரசுகளும் சேர்ந்து 50 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. எதிர்பார்த்த பலன் வரவில்லை என்று மாநிலத் தணிக்கைத் தலைவரே 2016-ல் அறிக்கை கொடுத்தார்.

அதற்காக ஊர் அழுதுகொண்டிருக்கிறது என்று எண்ண வேண்டாம். மாம்பழம், முலாம்பழம், பூசணி, மக்காச்சோளம், கொண்டைக்கடலை எல்லாம் விளைகின்றன. ஏரியில் படகுச் சவாரி உண்டு. ஆயிரக்கணக்கில் நன்னீர் முதலைகள். சாதுவானவை என்று படகுக்காரர் சொன்னார், நான் பரீட்சித்துப் பார்க்கவில்லை. இப்போது மறுபடியும் பருத்தி! புழுவைத் தாங்கும் மரபணு மாற்று ரகங்களை நம்பி விதைக்கிறார்கள். 2025-ல் ஜின்னிங் ஆலையும் வந்துவிட்டது. அதே மண், அதே தண்ணீர், ஐம்பது வருடம் கழித்து அதே பயிர். நம் நாட்டில் அந்த ரகங்களுக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டதை அங்கே ஒரு விவசாயியிடம் சொன்னேன். "இங்கே அந்த நிலைமை இன்னும் வரவில்லை" என்றார், 'இன்னும்' என்பதைச் சற்று அழுத்தி.

ஊருக்குள் மிரிவூங் மொழி மையம் ஒன்று இருக்கிறது. சரளமாகப் பேசத் தெரிந்த முதியவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். அவர்களைக் கொண்டு, மழலையர் பருவத்திலேயே குழந்தைகள் காதில் அந்த மொழி விழும்படி செய்கிறார்கள். குனுனுரா என்ற பெயரே அவர்களது மொழியில் அந்த ஆற்றைக் குறிக்கும் சொல்லின் சிதைவுதான். உண்மையான உச்சரிப்பு 'கூனூனூரங்' என்பதுபோல் ஒலிக்கிறது. நானும் சொல்லிப் பார்த்தேன். குழந்தைகள் சிரித்துவிட்டு, எனக்காக மெதுவாக இன்னொரு முறை சொன்னார்கள்.

போக விரும்பும் அன்பர்கள் மே முதல் ஆகஸ்டுக்குள் போய் வருவது நல்லது. அக்டோபர், நவம்பரில் நம் சித்திரை வெயில் தோற்றுவிடும். அதன் பின் மழை பிடித்துக்கொண்டால் சாலைகள் வாரக்கணக்கில் துண்டிக்கப்படும்.