‘விளங்கியதா?’ என்று கேட்டால் போதுமா?

மூன்றாம் ஆண்டு கணித வகுப்பு. ஆசிரியை வெண்பலகையில் படம் வரைந்து பின்னக் கணக்கை விளக்கி முடிக்கிறார். மாணவர்கள் பக்கம் திரும்பி, “எல்லாருக்கும் விளங்கியதா?” என்று கேட்கிறார். “விளங்கியது டீச்சர்!” என்று முப்பது குரல்கள் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன. அவற்றில் எத்தனை குரல் உண்மையானது? அன்று மாலை பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும்போதுதான் அது தெரியவரும்.

பிள்ளைகள் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. தனக்கு எது விளங்கவில்லை என்று சொல்வதற்கே ஓரளவு விளங்கியிருக்க வேண்டும். அது இல்லாத பிள்ளைக்கு, பக்கத்தில் இருப்பவன் சொல்வதைத் தானும் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. இப்படிக் கூட்டத்தோடு குரல் கொடுத்தே ஒரு பிள்ளை மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட முடியும். நான்காம் ஆண்டில் ஒரு பத்தியைத் தனியாக எழுந்து வாசிக்கச் சொல்லும்போது, வகுப்பே அமைதியாகிறது.

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அதன்பின் வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியரின் தோளில் முன்னிலும் கனமாக இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாணவனுக்கும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளில் ஒன்றை அவர் பதிவு செய்ய வேண்டும். அந்த எண்ணை எதை வைத்துப் போடுவது? எப்போதும் கையுயர்த்தும் ஐந்து பேரைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். எப்போதும் தொல்லை தரும் மூவரையும் தெரியும். நடுவில் அமைதியாக இருக்கும் இருபது பேர்தான் கேள்விக்குறி.

இதற்குச் செலவில்லாத முதல் கருவி மௌனம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பதிலே சொல்லாமல் நிற்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினர். அவர் கண்ட இன்னொன்றுதான் மனத்தை உறுத்துகிறது. மெதுவாகக் கற்பவர் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்கே குறைந்த நேரம் தரப்பட்டது. கூடுதல் நேரம் யாருக்குத் தேவையோ, அவர்களிடமிருந்தே அது பறிபோயிற்று. கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பார்க்கும் ஆசிரியருக்கு முதல் நாள் அது ஒரு யுகமாகத் தோன்றும். அமெரிக்காவின் ஃபிராங்க் லைமன் 1981இல் அறிமுகப்படுத்திய ‘யோசி, இணையாகப் பேசு, பகிர்’ என்னும் முறை அந்த மௌனத்தைத் தாங்க உதவும்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்ற சிக்கல். ஐஸ்கிரீம் குச்சிகளில் மாணவர் பெயர்களை எழுதி ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வைக்கலாம். முதலில் கேள்வி, பிறகு மௌனம், அதன்பின்தான் குச்சியை உருவ வேண்டும். முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற அனைவரும் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். எடுத்த குச்சியை மீண்டும் டின்னிலேயே போட வேண்டும் என்பதும் முக்கியம். இல்லையென்றால், “என் முறை முடிந்துவிட்டது” என்று அந்தப் பிள்ளை நிம்மதியாகிவிடும். 2010இல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, கல்வியாளர் டிலன் வில்லியம் இங்கிலாந்தின் ஓர் இடைநிலைப்பள்ளியில் கையுயர்த்துவதை நிறுத்தி இம்முறையைச் சோதித்தார். அதுவரை எப்போதும் கையுயர்த்திப் பழகிய மாணவர்களே அதனால் எரிச்சலடைந்தனர். இங்கும் அதே முணுமுணுப்பு எழக்கூடும்.

“தெரியாது” என்று பதில் வந்தால்? அந்தப் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். வேறு இருவரிடம் கேட்டுவிட்டு மீண்டும் அதே பிள்ளையிடம் வந்து, “அவர்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று நினைக்கிறாய்?” என்று கேட்டால் போதும். நண்பர்கள் சிரிப்பார்கள் என்ற அச்சம் மெல்ல விலகும்.

ஆயினும் குச்சி ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் காட்டும். முப்பது பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால் கைப்பலகைதான் சிறந்தது. கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு வெள்ளை அட்டையைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் செருகினால் அதுவே பலகை. அழிக்கக்கூடிய மார்க்கர் பேனா ஒன்றும், துடைக்கப் பழைய காலுறை ஒன்றும் இருந்தால் சரி. “எழுதுங்கள், கவிழ்த்து வையுங்கள், இப்போது தூக்குங்கள்” என்ற ஒழுங்கைப் பழக்கிவிட வேண்டும். கவிழ்த்து வைக்கும் அந்தச் சிறு விதிதான் எட்டிப் பார்த்து எழுதுவதைத் தடுக்கிறது.

இதில் எல்லாம் கேள்வியின் தரத்தைப் பொறுத்தது. “மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா, எது பெரியது?” என்று கேட்டால் பாதிப் பேர் குருட்டாம்போக்கிலேயே சரியாகச் சொல்லிவிடுவார்கள். 1/2, 1/3, 1/4, 1/6 ஆகிய நான்கையும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்தச் சொன்னால் நிலைமை வெளிப்படும். 1/6ஐ முதலில் எழுதிய பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. ஆறு பெரிய எண், ஆகவே அது பெரிய பின்னம் என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மேலும் பத்துப் பயிற்சிகள் கொடுப்பதால் பயனில்லை. ஒரு ரொட்டி சானாயை இரண்டு பேர் பகிர்ந்தால் எவ்வளவு, ஆறு பேர் பகிர்ந்தால் எவ்வளவு என்று வெட்டிக் காட்டினால் அந்தக் கணக்கு தானே உடையும்.

தமிழ்மொழிப் பாடத்திலும் அப்படியே. சொல்வதெழுதலில் ‘மழை’ என்று சொன்னால், ‘மலை’ என்று ஐந்து பலகைகளும் ‘மளை’ என்று பத்துப் பலகைகளும் உயரலாம். ஐந்து மட்டும் என்றால் அந்த ஐவருக்குத் தனிப்பயிற்சி போதும். பத்துப் பேரும் ஒரே தவற்றைச் செய்தால், ஆசிரியர் தம் நாக்கையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது!

மாணவர்கள் கைத்தொலைபேசி கொண்டுவர முடியாத பள்ளிக்கு ‘பிளிக்கர்ஸ்’ என்னும் செயலி பொருந்தும். ஒவ்வொரு மாணவனிடமும் அச்சிட்ட அட்டை ஒன்று இருக்கும். அதைத் திருப்பிப் பிடிக்கும் திசையே விடை. ஆசிரியர் தம் கைத்தொலைபேசியின் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது பதிவாகிவிடும். மதிப்பீட்டுக் கோப்புக்கு இது வசதி. ஆனால் பிள்ளையின் கையெழுத்தையும் வழிமுறையையும் காட்டுவது கைப்பலகை மட்டுமே.

மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில், எட்டுப் பேருக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். அங்கே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் போய் நிற்க முடியும், உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒன்றாக வைத்து நடத்தும் கூட்டு வகுப்பில், ஒரு பிரிவுக்குப் பாடம் நடக்கும்போது மறுபிரிவு என்ன செய்கிறது என்பதைக் கைப்பலகை ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொல்லி, வாசலில் வாங்கிக்கொள்ளலாம். இதற்குப் புள்ளி போடத் தேவையில்லை. விளங்கியவர், அரைகுறையாக விளங்கியவர், விளங்காதவர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் மறுநாள் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆசிரியர் அறையில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை இது. பெயரை மட்டும் எழுதி வெறுந்தாளாகக் கொடுத்த பிள்ளை ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். அந்தத் தாள்களைத் தனியே எடுத்துப் பாடத்திட்டப் புத்தகத்தில் செருகி வைத்து, மறுநாள் காலை முதல் பாடவேளைக்கு முன்பே அந்தப் பிள்ளைகளை மேசைக்கு அழைத்து உட்கார வைத்துவிடலாம்.