உருளும் வீட்டில் பழைய சிப்பாய்கள்!

அமெரிக்காவில் உருளும் வீடுகள் உண்டு. மோட்டார் வண்டிதான், ஆனால் உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும்! ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் பலர் அதில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். ராணுவத் தளங்கள் பலவற்றில் இவ்வண்டிகளை நிறுத்தத் தனி இடம் உண்டு. மாலையில் நாற்காலியை வெளியே போட்டுவிட்டால் பழைய கதைதான்.

வழியில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால்?

முன்னாள் வீரர்களுக்கு அரசாங்கம் சுமார் 170 ஆஸ்பத்திரிகள் நடத்துகிறது. பெரிய நாடு, போகிற வழியிலெல்லாம் அவை இருக்குமா? அவசரத்துக்கு வேறு ஆஸ்பத்திரியில் சேரலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் முன்னாள் வீரர் இலாகாவுக்குத் தகவல் போக வேண்டும். தவறினால் செலவு அவர் தலையில் விழக்கூடும்.

ஆஸ்பத்திரியே தகவல் தரலாம். ஆனால் மயங்கிக் கிடப்பவர் முன்னாள் வீரர் என்று அவர்களுக்கு யார் சொல்வது? தனியாக வந்தவராக இருந்தால், பக்கத்து வண்டியில் இருக்கும் பழைய சிப்பாய்தான்!