வியாகுலப் பிரசங்கத்தின் அழுகுரல்

தவக்காலம் பிறந்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கத்தோலிக்கக் கோயில்களில் வியாகுலப் பிரசங்கம் கேட்கும். இயேசுவின் பாடுகளை ஒருவர் இழுத்த இராகத்தில் வாசிக்க, இடையிடையே சனங்கள் சேர்ந்து புலம்பல் பாடுவார்கள். மகனைப் பறிகொடுத்த தாயாக மரியாள் அழும் இடங்களில் செத்தவீட்டு ஒப்பாரியின் சாயல் தெளிவாகவே தெரியும். வழிபாட்டுக்குள் இத்தனை அழுகையும் நாடகமும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் பார்வையில் அந்த அழுகை பக்திக்குப் பூசிய அலங்காரம் அல்ல. பாடுகளின் பொருள் சனங்களிடம் போய்ச் சேர்ந்த வழியே அதுதான். வியாகுலப் பிரசங்க நூலை எழுதியவராக அறியப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1676இல் கோவாவில் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இங்கேயே இறந்தவர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தனர். குருமார் மறைந்து திரிந்த காலம் அது. கோயிலில் நின்று விளக்கம் சொல்லக் குருவானவர் இல்லாத ஊரில், எழுத்தறிந்த ஒருவர் வாசித்தாலே போதும், மற்றவர்கள் கூடி அழுதே அதை விளங்கிக்கொள்வார்கள். ஒப்பாரி யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த இசை அல்லவா?

உணர்ச்சி மிகுந்தால் இறைவனை மறந்து குரலை இரசிக்கத் தொடங்கிவிடுவோம் என்ற அச்சம் நியாயமானதுதான். கோயில் இசையில் நாடகமேடைப் பாணி கூடாதென்று பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903இல் எச்சரித்தார். கொன்சால்வெஸின் சமகாலத்தவரான ஜெர்மானிய இசைமேதை பாக்கும், 1723இல் லைப்சிக்கில் பதவியேற்றபோது அப்படியே உறுதிமொழி கொடுத்தார். ஆனால் சில ஆண்டுகளில் அவர் அமைத்த மத்தேயு பாடுகளில், சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தும் கூட்டமும் பாவத்தை எண்ணி உருகும் விசுவாசிகளும் ஒரே பாடகர் குழுதான். கொலைக்குக் குரல்கொடுத்த வாயே மன்னிப்பும் கேட்கிறது. இந்த நாடகத்தை எடுத்துவிட்டால் குற்றம் வேறு யாருடையதோ ஆகிவிடும். வியாகுலப் பிரசங்கத்திலும் கூட்டுக்குரல்தான் கட்டுப்பாடு: துயரம் வாசிப்பவரின் சொத்தாகிவிடாமல் சபை அதை உடனே வாங்கிக்கொள்கிறது. ஒப்பாரி ஊர்வழக்கு, திருச்சபைக்கு அந்நியம் என்ற வாதமும் நில்லாது. அழுகையையே வழிபாடாக்கிய மாணிக்கவாசகரை மார்கழியில் கூடி ஓதும் மண் இது. 1963இல் வத்திக்கான் சங்கமே அந்தந்த மக்களின் இசைமரபுக்கு உரிய இடம் கொடுக்கச் சொன்னது.

1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் நாடகத்தைப் பெருமேடைக்குக் கொண்டுசென்றது. அது பெரிய தொண்டு. ஆனாலும் மேடையின் முன் நாம் பார்வையாளர்கள். கோயிலில் நாமே பாடுபவர்கள். மேடை நாடகம் இருக்கிறதே என்று பிரசங்க வாசிப்பைச் சுருக்கினால், சனங்கள் தங்கள் வாயால் அழுத அந்தப் பங்கை எந்த மேடையும் ஈடுசெய்யாது.