கல்லூரி வாயிலும் வழிகாட்டிகளும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் வீடுதோறும் எழுகின்ற வினா ஒன்றே: இனி என்ன படிப்பது, எங்கே படிப்பது? இவ்வினாவிற்கு விடை காண மாணவருக்குத் துணை நிற்போரைக் கல்வி வழிகாட்டிகள் என்கிறோம். அவர்களுடைய பணி யாது, அஃது ஏன் இன்றியமையாதது என்பதை, நான் நன்கறிந்த நெய்வேலியைச் சான்றாகக் கொண்டு இங்கே விளக்க விரும்புகிறேன்.

1956-ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. மறு ஆண்டில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பல திசைகளிலிருந்தும் பொறியாளர்களும் தொழிலாளர்களும் வந்து, வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட நகரியத்தில் குடியேறினர். நகரியத்தின் எல்லையைக் கடந்தால் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சூழ்ந்த சிற்றூர்கள். சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த குடும்பங்களும், ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் குடும்பங்களும் வாழும் இடங்கள் அவை. பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிச் செய்தி தந்தையின் பேச்சிலேயே கிடைத்துவிடுகிறது. முந்திரிக் கொட்டை உடைக்கும் தாயின் மகளுக்கு அது கிடைப்பதில்லை. இருவருடைய மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கலாம். இருவருக்கும் எட்டும் செய்தி ஒன்றன்று. அந்த வேற்றுமையைப் போக்குவதே வழிகாட்டியின் தலையாய கடமை.

சேர்க்கை முறையோ காலத்திற்குக் காலம் மாறி வந்துள்ளது. தொழிற்கல்விக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007-இல் அது நீங்கியது. பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. அந்நாளில் நெய்வேலி மாணவன் தந்தையுடன் பேருந்தேறிச் சென்னை கிண்டிக்குச் சென்று, அங்கே திரையைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தான். 2018 முதல் கலந்தாய்வு இணையத்தின் வழியே நடைபெறுகிறது. பயணம் மிச்சமாயிற்று, ஆனால் அருகில் நின்று ஐயம் தெளிவிப்பவரும் இல்லாமற் போயினர். ஆகவே வழிகாட்டியின் தேவை முன்னிலும் மிகுந்துவிட்டது.

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. அந்நீரை முன்கூட்டியே இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிடில் வெட்டும் வேலை நடவாது. கல்லூரிச் சேர்க்கையில் அத்தகைய முன்வேலை, சான்றிதழ்களைத் திரட்டுவதாகும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வந்தபின் தேடி அலைவது ஆபத்து. முதல் பட்டதாரிச் சான்று உடையோர் ஒற்றைச் சாளர முறையில் பொறியியலில் சேர்ந்தால் கற்பிப்புக் கட்டணத்தில் சலுகை பெறுவர். ஒரு தாள் குறைந்தால் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு எத்துணை இழப்பு நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதனினும் முன்னதாகத் தெரிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 2021-லும் 7.5 விழுக்காடு முன்னுரிமை சட்டமாயிற்று. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் அதற்கு நிபந்தனை. இதை அறியாத பெற்றோர் பிள்ளையின் நலம் கருதி, கடன் வாங்கி 9-ஆம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுகின்றனர். பணமும் போகிறது, உரிமையும் போகிறது. நல்ல வழிகாட்டி 6-ஆம் வகுப்புப் பெற்றோரிடமே இதைச் சொல்லிவிடுவார்.

அடுத்தது கணக்கு. பொறியியலுக்குக் கணித மதிப்பெண் நூற்றுக்கு அப்படியே கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கப்படும். கணிதத்தில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 80 பெற்றவருக்கு 90, 42, 40 என்று கூட்ட, 200-க்கு 172 வரும். இம்மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை.

பின்னர் விருப்பப் பட்டியல். மாணவர் பலர் மயங்குவது இவ்விடத்தில்தான். ‘உயர்ந்த கல்லூரியை முதலில் எழுதினால், அது கிடைக்காதபோது அடுத்ததும் கைநழுவிப் போகுமோ?’ என்று அஞ்சுகின்றனர். இந்த அச்சம் வீண். கணிப்பொறி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை வழங்குகிறது. ஆகவே எட்டாத இடத்தை மேலே எழுதுவதால் நட்டமில்லை; எளிதில் கிடைப்பதை மேலே எழுதினால்தான் நட்டம். மெய்யான விருப்பம் எதுவோ, அதே வரிசையில் எழுதுங்கள்; பட்டியலை நீளமாகவும் எழுதுங்கள்.

வழிகாட்டிகள் என்று வருவோர் அனைவரும் வழிகாட்டிகள் அல்லர். தலைக்கு இவ்வளவு என்று தரகு பெற்றுக்கொண்டு, தமக்குக் கூலி தரும் கல்லூரியையே புகழ்வோரும் உளர். இவர்களை அறிந்துகொள்வது கடினமன்று. நல்ல வழிகாட்டி முதலில் வினவுவார்: உனக்கு எதில் நாட்டம்? வீட்டின் நிலை என்ன? விடுதிச் செலவைத் தாங்க முடியுமா? தரகரோ வினவமாட்டார், அவசரப்படுத்துவார், மூலச் சான்றிதழ்களை உடனே ஒப்படைக்கச் சொல்வார். சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைத்தல் ஆகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. இதை நினைவிற் கொள்க.

பொறியியல் ஒன்றே கல்வியன்று என்பதையும் நல்ல வழிகாட்டி எடுத்துரைப்பார். நகரியத்திலேயே ஜவகர் அறிவியல் கல்லூரி உண்டு. விருத்தாசலத்திலும் கடலூரிலும் அரசு கலைக் கல்லூரிகள் உண்டு. சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உண்டு. பட்டயப் படிப்பு முடித்தவர் பொறியியலின் 2-ஆம் ஆண்டில் நேரே சேரலாம். 2022-இல் அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியும் இத்தகைய செய்திகளை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தன. எனினும், மாணவியின் பெயரும் குடும்பமும் அறிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லும் சொல்லுக்கு ஈடில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுள் கல்லூரியில் சேர்ந்துவிட்டோருக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கையின் நுணுக்கங்களை அனுபவத்தால் அறிந்தவர்கள் நீங்கள். கோடை விடுமுறையில் ஊர் திரும்பும்போது, உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தம்பியையோ தங்கையையோ அழைத்து, ஒரு மாலைப் பொழுது உடன் அமர்ந்து, சான்றிதழ்களைச் சரிபாருங்கள். பட்டியல் எழுதக் கற்றுக் கொடுங்கள். அதற்குப் பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம்.